கத்தி முனையில் ஒரு மில்லிமீட்டர்

குலசேகரம், கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறினால் மரத்துக்குள் பாலின் அழுத்தம் குறைந்துவிடும். அதனால் பால்வெட்டும் தொழிலாளி நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மரம் மரமாகப் போகிறார். இடமிருந்து வலமாகச் சரியும் பழைய தடத்தில் கத்தியைப் பதித்து, பட்டையை மெல்லிய சீவலாக இழுத்தெடுக்கிறார். வெள்ளைக் கோடாகப் பால் ஊறி, கீழே கட்டிய சிரட்டைக்கு இறங்குகிறது.

இதில் ஆழம்தான் சூட்சுமம். பால்குழாய்கள் பட்டையின் உட்புறத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. கத்தி மேலோட்டமாகப் போனால் பால் குறையும். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினாலோ, புதுப்பட்டையை வளர்க்கும் திசு காயப்பட்டு, அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத அந்த ஆழத்தைக் கை எப்படி அறிகிறது?

ஒரு கையின் உள்ளங்கையிலும் விரல்களிலுமாகத் தொடுகையை உணரும் நரம்பிழைகள் சுமார் 17,000 உண்டு. கத்தி உரசும் அதிர்வு பிடி வழியாக அவற்றை எட்டுகிறது. மணிக்கட்டு எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதைத் தசைகளுக்குள் உள்ள உணர்விகள் சொல்கின்றன. தடம் எங்கே என்று கண் சொல்கிறது.

மூளை இவை எல்லாவற்றையும் சமமாக நம்புவதில்லை. 2002இல் மார்க் எர்ன்ஸ்ட், மார்ட்டின் பேங்க்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், சோதனையில் பங்கேற்றவர்களை ஒரு மேட்டின் உயரத்தைப் பார்த்தும் தொட்டும் மதிப்பிடச் சொன்னார்கள். காட்சியைக் கலங்கலாக்கியதும், மூளை தொடுகையின் பக்கம் சாய்ந்தது. தோட்டத்து அரையிருட்டில் கத்தி பிடித்த கைக்கும் இதே ஏற்பாடுதான் துணை.

அந்தத் துணை அறுந்தால் என்ன ஆகும்? இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் வாட்டர்மேன் இறைச்சிக்கடையில் வேலை பார்த்தவர். 1971இல், 19 வயதில், ஒரு நோய்க்குப் பின் கழுத்துக்குக் கீழே தொடுகையும் உடலின் நிலையை அறியும் உணர்வும் அவருக்குப் போய்விட்டன. தசைகளில் வலு இருந்தது. ஆனால் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். நெடுநாள் பயிற்சியில், கண்ணை மட்டுமே நம்பி எழுந்து நடக்கக் கற்றார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார்.

இந்த உணர்வுகள் எல்லாம் இருந்தாலும், பால்வெட்டப் புதிதாகப் பழகுகிறவரின் கத்தி முதலில் ஆழம் தவறும். ஒவ்வொரு தவறையும் வைத்துச் சிறுமூளை அடுத்த வெட்டைத் திருத்துகிறது. எனவே பால்வெட்டை வெறும் உடலுழைப்பு என்று ஒதுக்குவது நியாயமில்லை. பால்வெட்டும் தொழிலாளர்களின் கூலியைப் பேசும்போது, கற்றுத் தேர்ந்த இந்தத் திறனுக்கும் சேர்த்தே விலை வைக்க வேண்டும்.