வாளியின் அடி ஏன் குறுகல்?

குளியலறையில் இருக்கிற பிளாஸ்டிக் வாளியைப் பாருங்கள். வாய் அகலம், அடி குறுகல். ஒன்றுக்குள் ஒன்று அடுக்க வசதி என்பது பாதிக் காரணம்தான். மீதி தெரியவேண்டுமானால் தொழிற்சாலைக்குப் போகவேண்டும்.

1961-ல் அகமதாபாத்தில் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம் போன்ற இடங்களில் படிக்கிறவர்கள் அப்படிப் பயிற்சிக்குப் போவார்கள். மிக்ஸி கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் ஆசை ஆசையாக, சுவரெல்லாம் செங்குத்தாக நிற்கிற மாதிரி ஒரு மூடி வரைந்து கொண்டுபோவார். அச்சு செய்கிற டூல் ரூம்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, இது மோல்டை விட்டு வெளிய வராதே!" என்பார்.

உருக்கி அச்சுக்குள் செலுத்திய பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கி, உள் அச்சைக் கவ்விக்கொள்ளும். சுவரை ஒரு டிகிரியாவது சாய்த்தால் சுலபமாகக் கழன்று வரும்; வாளியின் அடி குறுகலாக இருப்பதும் இதற்காகத்தான். சரி, உறுதிக்காக ஓரிடத்தில் மட்டும் கனத்தைக் கூட்டலாமா? கூட்டினால் அந்த இடம் மெதுவாக ஆறும், மேற்பரப்பில் குழி விழும். அதனால்தான் கனத்தைக் கூட்டாமல் 'ரிப்' என்று மெல்லிய பட்டைகள் வைக்கிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் வரிவரியாகத் தெரியும்.

இதெல்லாம் பாடப் புத்தகத்திலும் இருக்கிறதுதான். புத்தகத்தில் இல்லாததை அசெம்பிளி லைனில் உட்கார்ந்திருக்கிற அக்காவிடம் கேட்கலாம். எந்தத் திருகுக்கு ஸ்க்ரூடிரைவர் எட்டவில்லை, எதை முடுக்கும்போது மணிக்கட்டு வலிக்கிறது என்று பட்டியலே போட்டுக் கொடுப்பார். கேட்கிற மாணவர்கள்தான் குறைவு.