இடைவேளையில் என்ன பேசுவது?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



'நிர்வாகத் திறன்' பற்றிப் பேசுங்கள் என்றார் சங்கச் செயலாளர். நான் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். முப்பது வருஷ உத்தியோகத்தில் எனக்குப் புரியாத ஒன்றை அது ஒரே நாளில் புரியவைத்தது.

அதன் பெயர் ஃபுட்பால் மேனேஜர். இங்கிலாந்தில் காலியர் சகோதரர்கள் இருவர் உருவாக்கி, 1992-இல் 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' என்று வெளிவந்த விளையாட்டின் வாரிசு. 2004 முதல் இந்தப் பெயர். இதில் நீங்கள் பந்தை உதைக்க முடியாது. நீங்கள் அணியின் மேனேஜர். ஆட்களைத் தேர்ந்தெடுக்கலாம், வியூகம் வகுக்கலாம். பிற்பாடு இன்னொன்றையும் சேர்த்தார்கள். ஆட்டத்துக்கு முன்பும், இடைவேளையிலும், முடிந்த பிறகும் வீரர்களிடம் பேசலாம்.

என் மகன் இதை விடாமல் ஆடுவான். ஒரு நாள், "நீங்க ஆடிப் பாருங்கப்பா" என்று நாற்காலியை எனக்குக் கொடுத்தான். இடைவேளையில் என் அணி 0-1 என்று பின்தங்கியிருந்தது. விடுவேனா? மொத்த அணியையும் கோபமாகக் கண்டிக்கும் வரியைத் தட்டினேன். உடனே ஒவ்வொரு வீரர் பெயருக்கு எதிரிலும் அதன் விளைவு வந்து நின்றது. சிலருக்கு உற்சாகம். சிலருக்குப் பதற்றம். ஓர் இளம் வீரன் நம்பிக்கையே இழந்துவிட்டான். முடிவு 0-3.

"எல்லாரையும் ஒரே மாதிரி திட்டுனா எப்படிப்பா? அந்தப் பையனுக்கு 19 வயசு. நல்லாத்தான் ஆடிக்கிட்டிருந்தான். அவன்கிட்ட தனியா பேசியிருக்கணும்" என்றான் மகன்.

எனக்குச் சுருக்கென்றது. சில வருஷங்களுக்கு முன் என் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர் தயாரித்த கணக்கில் தவறு இருந்தது. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவரைக் கண்டபடி பேசினேன். "சரி சார்" என்றார். அடுத்த மாதம் ராஜினாமா கடிதம் வந்தது. 'இந்தக் காலத்துப் பசங்களுக்கு ரோஷம் ஜாஸ்தி' என்று நினைத்துக்கொண்டேன். தவறு அவருடையதல்ல, வேறு பிரிவிலிருந்து வந்த புள்ளிவிவரத்தில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. விளையாட்டில் ஒவ்வொருவர் மனநிலையும் திரையில் தெரிகிறது. அலுவலகத்தில் நமக்குக் கிடைப்பது "சரி சார்" மட்டும்தான்.

பிறகு நானும் பொறுமையாக ஆடிப் பழகினேன். 2-0 என்று முன்னணியில் இருக்கும்போது அதிகம் புகழ்ந்தால் அசட்டை வந்துவிடுகிறது. பெரிய அணியை எதிர்க்கும் சின்ன அணியிடம், "பாரம் உங்கள் மேல் இல்லை, தைரியமாக ஆடுங்கள்" என்றால் நிமிர்ந்து ஆடுகிறார்கள். அதே சொல், ஜெயித்தே ஆகவேண்டிய அணியிடம் எடுபடுவதில்லை.

ஆனால் பேச்சு மட்டும் போதாது. 2005 மே 25, இஸ்தான்புல். சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். இடைவேளையில் ஏ.சி. மிலான் 3, லிவர்பூல் 0. லிவர்பூல் மேனேஜர் ரஃபேல் பெனிடெஸ் வீரர்களிடம் பேசினார். பேசியதோடு நிற்கவில்லை. ஃபின்னனை எடுத்துவிட்டு ஹாமனை இறக்கி, தற்காப்பில் மூன்று பேர் என்று ஆட்ட அமைப்பையே மாற்றினார். இரண்டாம் பாதியில் ஏறக்குறைய ஆறே நிமிடத்தில் மூன்று கோல்! கடைசியில் பெனால்டியில் லிவர்பூல் வென்றது. 'இன்னும் முயற்சி செய்' என்று சொல்பவர், என்ன உதவி செய்வேன் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

மாணவ நண்பர்களே, நாளை நீங்களும் நாலு பேருக்கு மேலே உட்காருவீர்கள். வாயைத் திறக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதை நான் அவருக்காகச் சொல்கிறேனா, என் கோபம் தீரச் சொல்கிறேனா?

போன மாதம் அந்த இளைஞரைத் தேடிப் பிடித்துத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அதெல்லாம் மறந்துட்டேன் சார்" என்றார். மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.