சொல்ல இயலாதவரின் பல்வலி



மறதி நோயால் பேச்சிழந்த முதியோரும், பேச இயலாத ஆட்டிசக் குழந்தைகளும் நம் இல்லங்களில் உள்ளனர். பல்வலி வந்தால் இவர்கள் எவ்வாறு உரைப்பர்? நடத்தையால் உரைப்பர். விரும்பி உண்டவர் உணவை மறுப்பார், ஒரு பக்கமாகவே மெல்லுவார், கன்னத்தைப் பிடிப்பார், பல் துலக்க வரும் கையைத் தட்டிவிடுவார், இரவெல்லாம் முனகுவார். நாமோ அதனைப் பிடிவாதமென்று கடிந்துகொள்கிறோம். தூக்க மாத்திரை தேடுகிறோம்.

2003இல் வெளியான ‘பெயினாட்’ அளவுகோல் மூச்சு, முனகல், முகபாவம், உடலசைவு, தேற்றினால் அடங்குதல் ஆகிய 5 கூறுகளுக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண் இட்டு, மறதி நோயாளரின் வலியைக் கணிக்கிறது. அது வலி உண்டென்று காட்டுமேயன்றி, இடத்தைக் காட்டாது. ஆகவே நல்ல வெளிச்சத்தில் சொத்தை, ஈறு வீக்கம், உடைந்த பல், பல்செட் உரசிய புண் உண்டா என நாம் நோக்குதல் வேண்டும்.

மருத்துவர் கூறும் அளவில் பாரசிட்டமால் கொடுக்கலாம். அது வலியைத் தணிக்கும், சொத்தையை ஆற்றாது. ஈற்றில் ஆஸ்பிரின் வைத்தல் கூடாது, புண்ணாகும். முகவீக்கத்துடன் காய்ச்சலோ, விழுங்க இயலாமையோ கண்டால் உடனே மருத்துவமனை செல்லல் வேண்டும்.

நமக்குப் பேசக் கற்பித்த வாப்பாவும் உம்மாவும் பேச்சிழந்த வேளையில், அவர்தம் முகக்குறிப்பை அறிவது நம் கடமையன்றோ!