இனிஷியலுக்குள் ஒரு யாக்கோபு



தமிழகத்தில் வழங்கும் எபிரேயப் பெயர்களைப் பற்றிய கருத்தரங்கை மதுரை நகருக்குள் வைக்காமல் சமயநல்லூரில் வைத்தது நல்ல காரியம். ஊரே திண்டுக்கல் சாலையின் மேல் இருக்கிறது. இந்தச் சாலையில் வடக்கே போகிறவர்கள் கல்யாண பேனர்களையும் கண்ணீர் அஞ்சலித் தட்டிகளையும் படித்துக்கொண்டே போகலாம். சூசை, அருளப்பன், யாகப்பன், சந்தியாகு என்று நம் ஆய்வுப்பொருள் வழியெல்லாம் ஒட்டப்பட்டிருக்கும்.

வரப்போகிற கட்டுரை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி பாராட்டு வைப்பது தலைமையுரை மரபு. அதை விட்டுவிட்டு ஒரே ஒரு பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: சந்தியாகு.

எபிரேயத்தில் யாக்கோவ். கிரேக்கத்தில் யாக்கோபோஸ், இலத்தீனில் யாக்கோபுஸ். ஸ்பெயின், போர்த்துக்கல் மக்களின் பேச்சில் அது யாகோ என்று தேய்ந்தது. புனிதர் என்பதற்கான 'சந்த்' முன்னால் ஒட்டிக்கொள்ள, சந்தியாகோ ஆனது. ஆகவே 'புனித சந்தியாகப்பர்' என்று நாம் சொல்லும்போது அவருக்கு இரண்டு முறை புனிதர் பட்டம் கொடுக்கிறோம். அவர் ஆட்சேபிக்கப் போவதில்லை.

இந்தப் பெயர் நம் கரைக்குக் கப்பலில் வந்தது. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் திருமுழுக்குப் பெற்றார்கள். சவேரியார் 1542இல் வந்தார். அண்டிரிக் அடிகளார் புனிதர்களின் கதைகளைத் தமிழில் 'அடியார் வரலாறு' என்று 1586இல் அச்சிட்டார். இப்படி வந்த பெயர்கள் போர்த்துக்கீசிய ஒலியோடுதான் வந்தன: ஜோசே சூசையானார், சந்தியாகோ சந்தியாகு ஆனார். இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்துக்கு அருகே வேர்க்காட்டில் அவருக்குக் கோயில் உண்டு. கடலைத் தாண்டினால் யாழ்ப்பாணத்துக் கிளாலியிலும் உண்டு. போர்த்துக்கீசியர் ஆட்சி நடந்த காலத்திலேயே, 1647இல், தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 'சந்தியோகுமையோர் அம்மானை' பாடியிருக்கிறார். அந்த 'மையோர்' தமிழ்ப் பலர்பால் விகுதிபோல் அமர்ந்திருக்கிறது. ஆனால் அது போர்த்துக்கீசிய 'மயோர்', பெரியவர். இயேசுவின் சீடர்களில் யாக்கோபு இருவர் இருந்ததால் இவரைப் பெரிய யாக்கோபு என்று பிரித்துச் சொன்னார்கள். அந்த அடைமொழியும் சேர்ந்தே கடல் கடந்துவிட்டது.

உள்நாட்டில், அதாவது நாம் கூடியிருக்கும் இந்த வைகைச் சமவெளியில், கதை வேறு. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி தே நொபிலிக்குப் 'பறங்கி', அதாவது ஐரோப்பியர், என்ற அடையாளமே பெருந்தடையாக இருந்தது. அவரும் அவர் வழிவந்தவர்களும் ஒலியை விட்டுப் பொருளைப் பிடித்தார்கள். யோவான் அருளப்பர் ஆனார்; ஜான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனார். திருவிதாங்கூரின் நீலகண்டப் பிள்ளை 1745இல் இலாசர் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றபோது, 'கடவுள் உதவினார்' என்னும் அந்த எபிரேயப் பெயர் தேவசகாயம் என்று மாறியது. யாக்கோபுக்கு இந்த வைத்தியம் நடக்கவில்லை. காரணம் என் ஊகம்தான்: குதிகாலைப் பிடித்தவன் என்பது விவிலியம் அந்தப் பெயருக்குத் தரும் விளக்கம், அதைத் தமிழாக்கிப் பிள்ளைக்கு வைக்க எந்தத் தாய் சம்மதிப்பாள்? ஆகவே ஒலியை வைத்துக்கொண்டு ஓர் 'அப்பர்' சேர்த்து யாகப்பர் என்றார்கள்.

மற்றவர்களும் அவரவர் வழியில் கொண்டுவந்தார்கள். சீர்திருத்தச் சபைகளின் விவிலியத்தில் யாக்கோபு. அமெரிக்க மிஷன் 1834இல் மதுரையில் தொடங்கியது. அதற்குப் பின் பெருகிய ஆங்கிலப் பள்ளிகளின் வருகைப் பதிவேடுகளில் ஜேக்கப், ஜேம்ஸ். கேரளத்தில் சாக்கோ. அரபு வழியாக இஸ்லாமியர் வீட்டில் யாகூப். ஒரே தெருவில் யாகப்பனும் ஜேம்ஸும் யாகூபும் அடுத்தடுத்து குடியிருக்கலாம். மூவரும் ஒரே பெயர்க்காரர்கள் என்பது மூவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

இங்கேதான் ஓர் எச்சரிக்கை. எபிரேயப் பெயரைக் கண்டதும் 'காணாமற்போன இஸ்ரயேல் கோத்திரம்' என்று கிளம்பிவிடும் எழுத்துகள் நம்மிடையே உலவுகின்றன. பெயரை வைத்து இரத்தத்தை அளப்பவர்களைக் கொங்கணக் கரைக்கு அனுப்ப வேண்டும். அங்கே பெனே இஸ்ரயேல் என்னும் யூதர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். அவர்களுடைய குடும்பப் பெயர்கள் பென்கர், நாகாவ்கர் என்று ஊர்ப்பெயரில் பிறந்த அசல் மராத்திப் பெயர்கள். யூதர் மராத்திப் பெயரோடும், யூதரல்லாத தமிழர் எபிரேயப் பெயரோடும் இருக்கும் நாடு இது.

தமிழரிடம் குடும்பப் பெயர் என்ற வழக்கமே பெரும்பாலும் கிடையாது. அப்பா பெயர் மகனுக்கு இனிஷியல். பேரன் காலத்தில் அந்த இனிஷியலும் மாறிவிடும். சந்தியாகுவின் மகன் ச. அருளப்பன், அவர் மகன் அ. யாரோ. எபிரேயச் சுவடு இரண்டு தலைமுறையில் ஓர் எழுத்தாகி அழிந்துவிடுகிறது. பரதவர்களிடம் பர்னாந்து, கோமஸ், வாஸ் போன்ற குடும்பப் பெயர்கள் நிலைத்தன. ஆனால் அவை போர்த்துக்கீசியப் பெயர்கள். எபிரேயப் பெயர் அங்கும் ஆளின் பெயராகவே நின்றது.

அப்படியானால் சந்தியாகு எப்போது குடும்பப் பெயராகிறது? ஓர் அலுவலகம் கேட்கும்போது. தமிழ் நிலத்தில் இதற்குத் தெளிவான தேதி கிடைக்கும் இடம் புதுச்சேரி. 1881 செப்டம்பர் 21இல் பிரெஞ்சு அரசு பிறப்பித்த ஆணைப்படி, தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டியிருந்தது. புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை லாபோர்த் ஆனது அப்படித்தான். எழுத்தர் முன் நின்ற அன்று வரை அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத பெயர், அன்று முதல் பரம்பரைக்கு உரியதானது.

இன்று அதே வேலையைப் பாஸ்போர்ட் விண்ணப்பம் செய்கிறது. குடும்பப் பெயருக்கான கட்டத்தில் அப்பா பெயரை எழுதுகிறோம். டொரன்டோவில் பிறக்கும் பேத்தி அதைத் தன் பெயரோடு சுமக்கிறாள். இலங்கையில் இது முன்பே நடந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் யானை ஆய்வாளராக இருந்த சார்ல்ஸ் சந்தியாப்பிள்ளையை விலங்கியல் அறிந்தவர்கள் அறிவார்கள். எபிரேய யாக்கோவும் இலத்தீன் சந்தும் தமிழ்ப் பிள்ளையும் அவர் குடும்பப் பெயருக்குள் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன.

ஆகவே கட்டுரை படிக்க வந்திருக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். பெயரின் வேர்ச்சொல்லைச் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். அது அகராதியைப் பார்த்தால் கிடைக்கும். எந்தப் பதிவேட்டில், எந்த ஆண்டில், அது ஆள் பெயர்க் கட்டத்திலிருந்து குடும்பப் பெயர்க் கட்டத்துக்கு நகர்ந்தது என்று சொல்லுங்கள். அதற்குப் பங்குக்கோயில்களின் திருமுழுக்கு ஏடுகள் இருக்கின்றன, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள் இருக்கின்றன, அப்பா பெயரையும் சேர்த்து அச்சிடும் வாக்காளர் பட்டியல் இருக்கிறது. திருமுழுக்கு ஏடுகளில் ஞானப்பெற்றோர் பெயரையும் சேர்த்துப் படியுங்கள். பெயர் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. ஏடு கரையான் அரிக்கும் பொருள். பங்குத்தந்தையின் அனுமதி கிடைத்த அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன். உங்களுக்கு இருபது நிமிடம்.