சித்திர அறை ஒன்று வேண்டும்
(நூற்றாண்டு விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நிதியில் என்ன செய்யலாம் என்று கேட்டபோது பலர் நுழைவாயில் வளைவு என்றீர்கள். சிலர் கணினிக்கூடம் என்றீர்கள். நாம் கேட்பது ஒரு சித்திர அறை.

தரம் 6 முதல் 9 வரை சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் ஆகியவற்றுள் ஒன்றை ஒவ்வொரு பிள்ளையும் கற்கவேண்டும். தரம் 10 இல் அது விருப்பத் தெரிவாகிவிடும். இது பாடத்திட்டம். நடைமுறையில், பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது அந்தப் பாடவேளைதான். கணிதம் முடியவில்லையென்றால் சித்திரப் பாடவேளையைக் கேட்டு வாங்குவார்கள். சித்திரம் முடியவில்லையென்று கணிதப் பாடவேளையைக் கேட்டவர் உண்டா? சிரிக்கிறீர்கள், நாம் எல்லோரும் கண்டதுதானே.

செவ்வரத்தம் பூவை வரையும் பிள்ளை இதழ் ஐந்தையும் எண்ணி, காம்பு எங்கே தொடங்குகிறது என்று பார்க்கிறாள். அது விஞ்ஞானக் கொப்பிக்கும் உதவும். ஆனாலும் மற்றப் பாடங்களுக்கு உதவும் என்று சொல்லிச் சித்திரத்துக்கு இடம் கேட்பதில் எமக்கு உடன்பாடில்லை. நாற்பது பிள்ளைகள் ஒரே வீதியை வரைந்தால் நாற்பது வீதிகள் வரும். நாற்பதும் சரியாக இருக்கலாம். வேறெந்தப் பாடத்தில் அப்படி நடக்கும்?

எமது மண்ணில் இதை அறிந்த ஆசிரியர்கள் இருந்தார்கள். ஓவியர் அ. மாற்கு அவர்கள் பாடசாலையில் மட்டுமன்றி விடுமுறை நாட்களிலும் கற்பித்தார். அவரிடம் பயின்று ஓவியர்களானோரில் பெண்களும் இருக்கிறார்கள். குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கென்றே நாடகங்கள் எழுதினார். பிள்ளைகள் வெளிநாடு போக, வீட்டில் தனித்துப்போன பெற்றோரைப் பற்றிய அவரது ‘எந்தையும் தாயும்’ நாடகத்தை அறிந்தவர்கள் இச்சபையிலும் இருப்பீர்கள். எம்மிற் பலருக்கு அது சொந்த வீட்டுக் கதை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வர்ணப்பெட்டியும் தூரிகையும் வாங்க வசதியில்லாத பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்லமாட்டாள். “எனக்குச் சித்திரம் பிடிக்காது” என்று சொல்லிவிட்டு வேறு பாடத்துக்குப் போய்விடுவாள். கை வராமல் விலகுபவள் வேறு, காசில்லாமல் விலகுபவள் வேறு. பதிவேட்டில் இருவரும் ஒன்றுதான்.

எனவே நாம் கேட்பது பெரிய கட்டடமல்ல. வெளிச்சம் வரும் யன்னல்கள், தண்ணீர்க் குழாய், நீண்ட மேசைகள், ஈரத்தாள் உலர்த்தக் கொடி, பூட்டக்கூடிய அலுமாரி. அந்த அலுமாரியில் எந்தப் பிள்ளையும் கேட்காமலே எடுக்கக்கூடிய தாளும் வர்ணமும் ஒவ்வொரு தவணையும் நிரப்பப்படவேண்டும். அறையை ஒருமுறை கட்டினாற் போதும். அலுமாரியை நிரப்பத்தான் ஆண்டுதோறும் ஆள் வேண்டும். வெளிநாட்டுக் கிளைகள் ஆளுக்கொரு தவணையைப் பொறுப்பேற்கலாம். முதலாந் தவணைக்கு யார் என்பதை இன்றைய தேநீர் இடைவேளைக்குள் சொல்லிவிடுங்கள். பொருளாளர் கையிற் கொப்பியோடு வாசலடியில் நிற்பார்.