சாதிச் சான்று ஒன்றல்ல, இரண்டு
(ஜமாஅத் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)

 

கல்லூரி விண்ணப்பத்தைப் பற்றி மதரஸாவில் ஓதிய நாம் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நாம் ஓதச் சேர்ந்த அன்று உஸ்தாத் அவர்கள் ஒரு பக்கத்தை ஓதச் சொல்லிக் கேட்டார்கள். அதுவே விண்ணப்பம், அதுவே நேர்காணல்!

சிதம்பரத்தில் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது முதல் கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வாசலருகே கிடைத்தது. இன்று அவர்கள் சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி. என்று கண் வைக்கிறார்கள். மகிழ்ச்சியே. ஆனால் கடந்த ஆண்டு நம் மஹல்லாவில் நிகழ்ந்ததைக் கேளுங்கள்.

மஃரிபுக்குப் பின் ஒரு தகப்பனார் கோப்பு ஒன்றுடன் வந்தார். மகன் ஜே.இ.இ. தேர்வில் நல்ல தரவரிசை பெற்றிருந்தான். கையிலிருந்ததோ மாநில அரசின் 'பிற்படுத்தப்பட்ட வகுப்பு (முஸ்லிம்)' சான்று. மத்திய அரசு நிறுவனங்கள் கேட்பது ஓ.பி.சி. சான்று, அது வேறு படிவம். மீதமிருந்தது இரண்டே நாள். சான்று வரவில்லை, பிள்ளை பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டான், இடம் கைநழுவியது. பின்னர் மாநிலக் கலந்தாய்வில், 2007-இல் நமக்குக் கிடைத்த 3.5 சதவீத ஒதுக்கீட்டில், அதே பழைய சான்றைக் கொண்டே வேறொரு கல்லூரியில் சேர்ந்தான். ஓரிடத்தில் திறந்த சாவி மற்றோரிடத்தில் திறக்கவில்லை.

லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் ஆகியோர் மத்தியப் பட்டியலிலும் உள்ளனர். அங்கே ஓ.பி.சி. பிரிவினருக்கு 27 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் 'கிரீமி லேயர்' அல்லாதவர் என்ற சான்று வேண்டும், ஐ.ஐ.டி. சேர்க்கைக்கு அது அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதிக்குப் பின் பெறப்பட்டதாக இருத்தல் அவசியம். வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை (உயர் அரசுப் பதவியினருக்கு வேறு விதி). வியாபார வருமானம் சேரும். இதை விசாரியாமலேயே "நமக்குக் கிடைக்காது" என்று ஒதுங்கியவர்களை நாம் அறிவோம். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்காக 2022 முதல் நடைபெறும் க்யூட் தேர்வு எழுதுவோருக்கும் இந்த ஓ.பி.சி. சான்றே தேவை.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரிய சோதனை! 'முஹம்மது' ஆதாரில் ஒரு 'எம்', மதிப்பெண் பட்டியலில் இரண்டு 'எம்'. தகப்பனார் பெயர் ஓரிடத்தில் முழுமையாக, மற்றோரிடத்தில் முதலெழுத்தாக. பதினொன்றாம் வகுப்பிலேயே இவற்றைச் சரிசெய்துவிடுங்கள்.

தமிழ்வழி மாணவர்களுக்கு ஒரு சொல். ஜே.இ.இ. மெயின் தேர்வைத் தமிழில் எழுதலாம். அட்வான்ஸ்ட் தேர்வு ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மட்டுமே. இது பரீட்சை அறையில் தெரியவரக்கூடாது.

வரும் ஏப்ரல் முதல் வாரத்தில், இஷாவுக்குப் பின், மதரஸா அறையில் விவரமறிந்த சகோதரர்கள் இருவர் அமர்ந்திருப்பார்கள், இன்ஷா அல்லாஹ். ஆதார், மாற்றுச் சான்றிதழ், பழைய சாதிச் சான்று, தகப்பனாரின் வருமானச் சான்று ஆகியவற்றின் நகல்களுடன் வாருங்கள். பெண் பிள்ளைகளுடன் தாய்மார்கள் வருவதற்குத் தனி இட வசதி உண்டு.