ஒருவருக்கு ஒருவர் துணை



கேரளாவின் நெய்யாற்றின்கரை வட்டத்தில் 2013-இல் ஒரு திட்டம் தொடங்கியது. சர்க்கரை நோய் வரக்கூடியவர்கள் குழுக்களாகக் கூடினார்கள். குழுவை நடத்தியவர் டாக்டர் அல்ல. பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்தாரே நடத்தினார்கள். அதிசயம் ஒன்றும் நிகழவில்லை. ஆனாலும் காய்கறி, பழம் சாப்பிடுவது கூடியது. புகையிலைப் பழக்கம் குறைந்தது.

நோய் வந்துவிட்டவருக்குத் துணை இன்னும் அவசியம். சர்க்கரை கட்டுப்படாவிட்டால் கால் நரம்பு கெடும். முள் குத்தினாலும் வலிக்காது. உள்ளங்காலைத் தானே பார்ப்பதும் கஷ்டம். புண் முற்றினால் காலையே வெட்டி எடுக்க நேரலாம்.

சர்க்கரை உள்ள இரண்டு பேர் தினமும் ஒருவர் பாதத்தை மற்றவர் பார்க்கலாம். "அக்கா, பாதத்தைக் காட்டுங்கள்" என்று கேட்க என்ன வெட்கம்? விரல் இடுக்கையும் பார்க்க வேண்டும். சிறு புண் இருந்தாலும் அன்றே இருவருமாக ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.